கறுப்பினப் பெண்களும் முனைவர் பட்டமும்: உங்கள் ஆய்வகத் தோழி மிகைப்படுத்துகிறாரா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் பொறியியலில் பிஎச்.டி. செய்கிறீர்கள். உங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு கறுப்பினப் பெண் இருக்கிறார். தன்னை இங்கே வேறு மாதிரி நடத்துகிறார்கள் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பிஎச்.டி. என்றால் எல்லாருக்கும்தானே கஷ்டம், அவர்களுக்கு இட ஒதுக்கீடும் இருக்கிறதே, இவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்பது உங்கள் சந்தேகம். மரியாதையோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கறுப்பினப் பெண்களின் பிஎச்.டி. அனுபவம் எப்படிப்பட்டது என்பதைவிட, அந்தப் பெண் சொல்வதை நம்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: நம்பலாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் சென்னையில் படித்து, பிறகு இங்கே வந்து சமூகவியலில் ஆய்வு செய்து, இப்போது ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். உயர்கல்வியில் யார் நிலைக்கிறார்கள், யார் பாதியில் போகிறார்கள் என்பதுதான் என் ஆய்வுத் துறை. நெறியாளராகவும் ஆய்வுக்குழு உறுப்பினராகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆனாலும் நான் கறுப்பினப் பெண் அல்ல. அவர்கள் என்னிடம் சொன்னதும், நான் பக்கத்திலிருந்து பார்த்ததும், படித்ததும்தான் இந்தப் பதிலில் இருக்கின்றன. இன்னொன்று, நான் சொல்வது முழுக்க அமெரிக்காவைப் பற்றியது. பிரிட்டனிலோ தென்னாப்பிரிக்காவிலோ கதை வேறு.

இட ஒதுக்கீட்டை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊர் அர்த்தத்தில் இட ஒதுக்கீடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிடையாது. இத்தனை இடம் இன்னாருக்கு என்று எண்ணி ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தடுத்துவிட்டது. அதன் பிறகு இருந்தது, விண்ணப்பத்தைப் பார்க்கும்போது இனத்தையும் பல காரணிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். 2023 ஜூனில் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் மேலான வழக்குகளின் தீர்ப்பில் அதுவும் போய்விட்டது. ஆகவே உங்கள் தோழி ஒதுக்கப்பட்ட இடம் எதிலும் வந்து உட்காரவில்லை. அப்புறம், சேர்க்கையில் யாருக்கு என்ன கிடைத்தாலும் அது முதல் நாளோடு முடிகிறது. பிஎச்.டி. அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஓடுகிறது. சிக்கல் அந்த வருடங்களில்தான்.

இதில் ஐயத்துக்கு இடமே இல்லாத பகுதி வரலாறு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் முதன்முதலாக பிஎச்.டி. பெற்றது 1921-இல். ஒரே ஜூன் மாதத்தில், பத்து நாள் இடைவெளிக்குள் மூன்று பேர்: சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியானா சிம்ப்சன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேடி மோசெல், ராட்கிளிஃப் கல்லூரியில் ஈவா டைக்ஸ். சேடி மோசெல் திருமணத்துக்குப் பின் சேடி அலெக்ஸாண்டர் என்று அறியப்பட்டார். மூவருமே அபாரமான மாணவிகள். பாடத்தில் யாரும் தடுமாறவில்லை. அவர்களுக்கு எங்கெங்கே கதவு சாத்தப்பட்டது என்று பாருங்கள்.

சிம்ப்சன் 1907-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. வாஷிங்டனில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகளிர் விடுதியில் அறை கிடைத்தது. வெள்ளை மாணவிகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விடுதிப் பொறுப்பிலிருந்த சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ், அவர் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹாரி பிராட் ஜட்சன் அந்த முடிவை மாற்றி, சிம்ப்சனை வெளியேறச் சொன்னார். அவர் வெளியேறினார், படிப்பை விடவில்லை. விடுதியில் தங்க முடியாததால் பெரும்பாலும் கோடைகால வகுப்புகளிலும் அஞ்சல் வழியிலும் படித்து 1911-இல் இளங்கலை முடித்தார். ஜெர்மானிய மொழியியலில் பிஎச்.டி. வாங்கும்போது வயது 55. இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெனால்ட்ஸ் கிளப் கட்டடத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது, அவரை வெளியேற்றிய ஜட்சனின் உருவத்துக்கு எதிரிலேயே. அது 2017-இல் வந்ததும் மாணவிகள் எடுத்த முயற்சியால்தான்.

ஈவா டைக்ஸ் 1914-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த தேர்ச்சியோடு பட்டம் பெற்றவர். ஹோவர்டு கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் என்பதால் ராட்கிளிஃப் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை இளங்கலை படிக்க வேண்டியிருந்தது. 1917-இல் இரண்டாவது இளங்கலை, 1918-இல் முதுகலை, 1921-இல் பிஎச்.டி. அவருடைய திறமையை ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர் படித்துவிட்டு வந்த இடத்தை நம்ப மறுத்தார்கள். சேடி அலெக்ஸாண்டருக்கு நேர்ந்தது வேறு வகை. பொருளாதாரத்தில் பிஎச்.டி. பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர், அப்போது வயது 23. படிப்புக்கேற்ற ஆசிரியர் வேலை எங்கும் கிடைக்கவில்லை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினத்தவர் நடத்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் போய் வேலை பார்த்தார். பிறகு சட்டம் படித்து 1927-இல் வழக்கறிஞரானார். ஒரு நல்ல வழக்கறிஞர் கிடைத்தார், சரி. ஆனால் அவர் எழுதாமல் போன பொருளாதார ஆய்வுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

இவர்களுக்கு நான்கு வருடம் கழித்து, 1925-இல், அன்னா ஜூலியா கூப்பர் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பெற்றார். 1858-இல் வட கரோலினாவின் ராலே நகரில் அடிமையாகப் பிறந்தவர். முதலில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் ஆய்வைத் தொடங்கினார். 1915-இல் உறவில் தாயை இழந்த ஐந்து குழந்தைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்க்க ஆரம்பித்தார். முழு நேர ஆசிரியை வேலை, வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை உட்பட. கொலம்பியா விதித்த காலம் முழுவதும் நியூயார்க்கில் போய்த் தங்க அவரால் முடியவில்லை. அதுவரை படித்ததை பாரிஸுக்கு மாற்றிக்கொண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறை பற்றி பிரான்ஸ் எடுத்த நிலைப்பாடுகளை ஆராய்ந்து, 66 வயதில் பட்டம் வாங்கினார். அந்த விதி யாரையும் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்றைக்கும் பிஎச்.டி. விதிகள் பல அப்படித்தான் இருக்கின்றன.

அந்தக் காலக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. நால்வரில் ஒருவரையும் தேர்வுத்தாள் தடுக்கவில்லை. தங்க அறை, முந்தைய பட்டத்துக்கு மதிப்பு, படித்த பின் வேலை, வீட்டுப் பொறுப்புக்கு இடம் கொடுக்கும் விதி, இவைதான் மறுக்கப்பட்டன. நூறு வருடத்தில் சட்டம் மாறிவிட்டது, விடுதியிலிருந்து யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. ஆனால் உங்கள் தோழி போன்றவர்கள் என்னிடம் சொல்வதைக் கேட்டால், இன்னமும் தேர்வுக்கு வெளியேதான் இடறல்கள் இருக்கின்றன. பிஎச்.டி. மற்றப் படிப்புகளிலிருந்து வேறுபடுவதும் அங்கேதான். இளங்கலையில் பாடம் படித்து மதிப்பெண் வாங்கினால் பட்டம். பிஎச்.டி.யில் உங்கள் நெறியாளர் ஒருவரின் மனம்தான் பாதி. எந்த மாநாட்டுக்கு அனுப்புவது, எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில், பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதுவது, எல்லாம் அவர் கையில். மீதியைக் காபி குடிக்கும்போதும் நடைபாதையிலும் கற்றுக்கொள்கிறோம். எந்தப் பேராசிரியரைக் குழுவில் போட்டால் இழுத்தடிப்பார், தகுதித் தேர்வில் போன வருடம் என்ன கேட்டார்கள், எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

இந்த இடத்தில் ஷர்லி ஆன் ஜாக்சனைச் சொல்லாமல் போக முடியாது. 1964-இல் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இளங்கலை மாணவியாகச் சேர்ந்து, 1973-இல் அங்கேயே துகள் இயற்பியலில் பிஎச்.டி. பெற்றவர், அங்கே பிஎச்.டி. வாங்கிய முதல் கறுப்பினப் பெண். பின்னாளில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், ரென்சிலர் பாலிடெக்னிக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவர். முதலாண்டில் விடுதித் தோழிகள் சேர்ந்து உட்கார்ந்து இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டதையும், கணக்குகளில் பாதியைத் தான் ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொல்லியும் அவர்கள் போகச் சொன்னதையும் அவரே பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அறைக்குப் போய் அழுதுவிட்டு மீதிக் கணக்கைத் தனியாகப் போட்டு முடித்தார். அவர் ஷர்லி ஜாக்சன், முடித்துவிட்டார். அதே அளவு திறமையோடு வந்து, தனியாகப் போட்டுப் போட்டு அலுத்துப்போய் விலகியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

அது அந்தக் காலம் என்பீர்கள். சமீபத்திய சான்று ஒன்று. கேத்தரின் மில்க்மன், மோடூபே அகினோலா, டாலி சுக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் 259 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன், பத்து நிமிடம் சந்திக்க முடியுமா என்று ஒரு மாணவர் கேட்கும் மடல். எல்லாருக்கும் ஒரே வாசகம், அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு வேறு. பெண் பெயர்களுக்கும், கறுப்பின, லத்தீன், இந்திய, சீனப் பெயர்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், வெள்ளை ஆண் பெயர்களைவிடப் பதில் குறைவாக வந்தது. சம்பளம் அதிகமுள்ள துறைகளிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இடைவெளி பெரிது. இந்தியப் பெயர்களும் அதில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்தப் பேராசிரியர்களில் பலர் தங்களை நியாயமானவர்கள் என்றே நினைத்திருப்பார்கள், பெரும்பாலும் நியாயமானவர்களாகவும் இருப்பார்கள். பதில் போடாமல் விட்ட ஒரு மடல் யார் கண்ணிலும் பாகுபாடாகத் தெரியாது.

இன்றைய நிலவரத்தில் உறுதியான சில விஷயங்கள். கறுப்பின அமெரிக்கர்கள் பெறும் முனைவர் பட்டங்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு, பெண்கள் பெறுபவை. ஆகவே கறுப்பினப் பெண்கள் ஆராய்ச்சிக்கு வருவதில்லை என்ற பேச்சு தவறு. ஆனால் அமெரிக்காவின் முழுப் பேராசிரியர்களில் அவர்கள் சுமார் 2 சதவீதம்தான். கல்வியியல், உளவியல் போன்ற துறைகளில் அதிகம் இருக்கிறார்கள், இயற்பியலிலும் பொறியியலிலும் மிகக் குறைவு. உங்கள் துறையில் அந்தப் பெண் மேலே நிமிர்ந்து பார்த்தால் தன்னைப் போன்ற ஒருவர்கூடக் கண்ணில் படாமல் இருக்கலாம். கடன் சுமையும் அவர்களுக்கு அதிகம். தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், படிப்புக்காகப் பட்ட கடனோடு பிஎச்.டி. முடிப்பவர்களில் கறுப்பினத்தவர் தொடர்ந்து முன்னணியில் நிற்கிறார்கள். தாத்தா பாட்டி காலத்துச் சொத்து இல்லாத குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பது முக்கியமான காரணம். இளங்கலைக் கடனையும் சுமந்துகொண்டுதான் உதவித்தொகையில் வாழ்கிறார்கள்.

எண்ணில் வராத ஒன்றை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் துறையில் ஒரு கறுப்பின மாணவி கற்பித்தல் உதவியாளராக இருந்தார். புதன்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் மாணவர்கள் சந்தேகம் கேட்க அவர் அறையில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அவ்வளவுதான். என் அறை எதிரில் இருந்ததால் தெரியும், அவர் அறைக் கதவு மாலை வரை மூடியதில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அவர் வகுப்பு மாணவர்களே அல்ல. வேறு துறைகளில் முதலாண்டு படிக்கும் கறுப்பினப் பெண்கள். ஒருத்திக்கு விடுதி அறைத் தோழியோடு பிரச்சினை. ஒருத்திக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. ஒருத்தி சும்மா வந்து உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பாள். அந்தக் கட்டடத்தில் தங்களைப் போன்ற ஒருவர் கற்பிப்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இவராலும் அவர்களைப் போகச் சொல்ல முடியவில்லை. அதோடு, துறையின் பன்முகத்தன்மைக் குழு, வரவேற்புக் குழு, விளம்பரப் படம் எல்லாவற்றுக்கும் இவரையே கூப்பிட்டார்கள். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் ஆய்வேட்டின் இரண்டாவது இயல் தாமதம் என்று பதிவானது. அந்தப் புதன்கிழமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த வகைச் சுமைக்கு ஆய்வாளர் அமாடோ பாடியா 1994-இலேயே பண்பாட்டு வரி என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வந்து இத்தனை வருடமாகியும் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வரவில்லை என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

இனி ஐயமுள்ள பகுதிக்கு வருகிறேன். எது இனத்தால், எது பெண் என்பதால், எது எல்லா பிஎச்.டி. மாணவர்களுக்கும் பொதுவானது என்று ஒவ்வொரு சம்பவத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். அந்த அனுபவத்தில் இருப்பவர்களாலேயே பல நேரம் பிரிக்க முடிவதில்லை. 1975 டிசம்பரில் கறுப்பின, லத்தீன், பூர்வகுடிப் பெண் விஞ்ஞானிகள் முப்பது பேர் கூடிப் பேசியதை வைத்து, அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் மறு ஆண்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. இரட்டைப் பிணைப்பு என்று அவர்கள் அதில் சொன்னதே இதைத்தான். இரண்டு பாகுபாடுகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை அல்ல, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டவை. பெண்களுக்கான திட்டங்கள் வெள்ளைப் பெண்களை மனதில் வைத்தும், கறுப்பினத்தவருக்கான திட்டங்கள் ஆண்களை மனதில் வைத்தும் அமைந்துவிட, நடுவில் இவர்கள் விடுபட்டார்கள்.

புள்ளிவிவரங்களையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் 2008-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பத்தாண்டுகளுக்குள் பிஎச்.டி. முடித்தவர்கள் வெள்ளையரில் சுமார் 55 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 47. இடைவெளி உண்மை. ஆனால் வெள்ளையரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் பத்தாண்டுகளுக்குள் முடிக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் கஷ்டம் என்று நீங்கள் சொன்னது அந்த அளவில் சரி. ஆய்வு நிதியிலும் இப்படித்தான். மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் தேசிய சுகாதாரக் கழகத்துக்கு வந்த விண்ணப்பங்களை டோனா ஜின்தர் குழு 2011-இல் ஆராய்ந்தது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. இது ஆண் பெண் இருவரையும் சேர்த்த கணக்கு, பட்டம் பெற்ற பிறகான நிலை. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்த இடைவெளியின் ஒரு பகுதி ஆய்வுத் தலைப்பிலிருந்து வருகிறது என்று காட்டியது. சமூக அளவிலான உடல்நலம் போன்ற, கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளுக்கு நிதி குறைவாகக் கிடைக்கிறது. அப்படியானால் இது பாகுபாடே இல்லை என்றுதானே ஆகிறது என்று சிலர் கேட்டார்கள். தங்கள் சமூகத்துக்குத் தேவையான கேள்விகளை எடுப்பவர்களின் கேள்விகளே மதிப்புக் குறைந்தவையாகத் தெரிகின்றன என்றால், அதையும் பாகுபாட்டின் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். இது என் கருத்து, இதை மறுக்கும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

கறுப்பின நெறியாளர் இருந்தால்தான் கறுப்பின மாணவி தேறுவார் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வேறு இனத்து நெறியாளரிடம் மிக நன்றாக வளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சூழல் பெரிய வேறுபாடு உண்டாக்குகிறது என்பதில் ஐயமில்லை. அட்லாண்டாவில் உள்ள ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்கான சிறிய கல்லூரிதான். பின்னாளில் அறிவியலில் பிஎச்.டி. பெற்ற கறுப்பினப் பெண்களின் இளங்கலைக் கல்லூரிகளைப் பட்டியலிட்டால் அது முன்வரிசையில் வருகிறது. அங்கே ஒரு மாணவி வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னால் அது அவள் ஒருத்தியின் தப்பு. உங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெண் தப்பாகச் சொன்னால் அது அவருடைய இனத்தின் மேல் போய் உட்காருமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அதனால் பாதி தெரிந்த கேள்வியைக் கேட்காமலேயே விடுவார். கேட்காமல் விட்ட கேள்விகள் சேர்ந்தால் ஆராய்ச்சி பின்தங்கும்.

சரி, உங்கள் தோழி விஷயம். அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் யார் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று இங்கிருந்து நான் தீர்ப்பு சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்வது இத்தனை காலப் பதிவுகளோடு பொருந்துகிறது, அந்த அளவுக்கு நம்பினால் போதும். ஆதாரம் கேட்காதீர்கள். வேறு யாராவது அப்படி உணர்ந்தார்களா என்று ஆய்வகத்தில் விசாரித்து வைக்கவும் வேண்டாம், அது அவருக்கே வினையாகத் திரும்பும். நம் ஊர் சாதி அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒப்பிட இடம் உண்டு, ஆனால் முதல் பேச்சிலேயே ஒப்பிட்டால் அவர் கதை நம் கதையாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. இங்குள்ள இந்திய மாணவர்களுக்குத் துறைதோறும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். பழைய தகுதித் தேர்வுக் கேள்விகள், சீனியர்களின் குறிப்புகள், எந்தப் பேராசிரியரிடம் நிதி இருக்கிறது என்ற தகவல் எல்லாம் அதில் ஓடும். சீன மாணவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். தனியாக இருக்கும் கறுப்பினப் பெண் எந்தக் குழுவிலும் இருக்க மாட்டார். யாரும் வேண்டுமென்று தள்ளி வைப்பதில்லை, தமிழிலோ தெலுங்கிலோ பேசிக்கொள்ளத் தொடங்கிய குழு, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அதன் விளைவு ஷர்லி ஜாக்சனுக்கு விடுதியில் நேர்ந்ததுதான். அந்தக் கேள்வித்தாள்களை அவருக்கு அனுப்புங்கள். படிப்பதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு தனிக் குழு தொடங்கி அவரைச் சேருங்கள். உதவி செய்வதாகக் காட்டிக்கொள்ளாமல், சேர்ந்து படிக்கலாமா என்று சாதாரணமாகக் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் வருத்தப்படாதீர்கள், அவருக்கு வெளியே வேறு துணை இருக்கலாம். கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சிஸ்டர்ஸ் ஆஃப் தி அகாடமி போன்ற வலையமைப்புகளில் ஆய்வேடு எழுதும் பயிற்சி முகாம்கள்கூட நடக்கின்றன.

நெறியாளரோடுதான் பிரச்சினை என்றால் அது வேறு. அப்போது அவர் தேதி போட்டுக் குறிப்பு எழுதி வைப்பது நல்லது. ஆய்வுக்குழுவில் நம்பிக்கையான இன்னொரு உறுப்பினர் இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் என்று ஒன்று இருக்கும், புகார் பதிவு செய்யாமலேயே ரகசியமாக ஆலோசனை கேட்கலாம். நெறியாளரை மாற்றுவது மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் செய்தால் இழப்பு குறைவு, பிறகு செய்தால் ஆய்வே மாறிப்போகும். இந்த முடிவுகளை அவர்தான் எடுக்க வேண்டும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போவீர்களா என்பதை மட்டும் நீங்கள் இப்போதே யோசித்து வையுங்கள். விசாவில் இருப்பவருக்கு அது லேசான முடிவில்லை என்று எனக்கும் தெரியும்.